அறுபது மைலுக்கு ஓராண்டு ஆயத்தம்

இலண்டன் மாநகரிலிருந்து பிரைட்டன் என்னும் கடற்கரைப் பட்டினம் ஏறத்தாழ 60 மைல் தூரத்தில் உள்ளது. றெயிலில் ஏறி அமர்பவர் ஒரு மணி நேரத்தில் அங்கே சென்று இறங்கிவிடுவர். இக்காலத்து மோட்டார் வண்டியிலே செல்பவருக்கும் ஒரு காலைப்பொழுது போதும். இத்துணைச் சிறிய பயணத்துக்கு ஓராண்டு முழுவதும் ஆயத்தஞ் செய்வோர் சிலர் உளர் என்றால், கேட்போர் நகைக்கவுங்கூடும். ஆயினும் அத்தகையோர் உளர். ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து முதலாவது ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலரும் வேளையிலே, இலண்டன் ஹைட் பூங்காவில் நூற்றுக்கணக்கான பழைய மோட்டார் வண்டிகள் புகை கக்கிக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் அணிவகுத்து நிற்கும். அவற்றுள் ஒன்றேனும் 1905ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதிக்குப் பின்னர் செய்யப்பட்டதன்று. நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்த அவ்வண்டிகள் தம் சொந்த வலுவிலே கடற்கரையைச் சென்றடைய வேண்டும். அதுவே அன்றைய நோன்பு.

பழைய வண்டிகளில் ஈடுபாடுடையோர் கூடும் விழாக்கள் இன்று உலகின் பல நாடுகளிலும் நிகழ்கின்றன. அவை எல்லாவற்றுள்ளும் மூத்ததென்று போற்றப்படுவது இந்தப் பிரைட்டன் பயணமே. இதன் வரலாற்றை அறிந்தாலன்றி, இதற்காக மக்கள் படும் பாட்டின் பொருள் விளங்காது.

பிரித்தானியாவிலே 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, குதிரையின்றித் தானே இயங்கும் வண்டிகள் நாட்டுப்புற வீதிகளில் மணிக்கு 4 மைலுக்கும், நகரங்களில் 2 மைலுக்கும் மேற்பட்ட வேகத்திற் செல்லலாகாது என்று விதித்தது. வண்டிக்கு மூவர் வேண்டும். அம்மூவருள் ஒருவர் செங்கொடி ஏந்தி, வண்டிக்கு 60 யார் முன்னதாக நடந்து செல்லவேண்டும். வீதியிலே திரிந்த பெரும் நீராவி யந்திரங்களைக் கண்டு குதிரைகள் மருண்டமையே இவ்விதிகளுக்குக் காரணமாயிற்று. 1878ஆம் ஆண்டில் செங்கொடி பற்றிய கட்டாயம் நீங்கியதெனினும், முன்னே ஒருவர் நடந்து செல்லவேண்டும் என்ற விதி நீங்கவில்லை. ஜேர்மனியிலும் பிரான்சிலும் மோட்டார் வண்டிகள் நகரத்துக்கு நகரம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலே, பிரித்தானியாவில் அவை மனிதனுடைய நடைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தன.

இந்த நிலையை மாற்றிய புதிய சட்டம் 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. எடை குறைந்த வண்டிகளுக்கு முன்னே நடப்பவர் இனித் தேவையில்லை; மணிக்கு 14 மைல் வரை செல்லவும் சட்டம் இடமளித்தது. அந்நாளைக் கொண்டாடும் பொருட்டு, ஹரி லோசன் என்னும் வணிகப் பெருமுயற்சியாளர் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு பயணத்தை ஒழுங்கு செய்தார். புறப்படுமுன் நிகழ்ந்த காலை விருந்திலே, வின்சில்சி பிரபு ஒரு செங்கொடியை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அக்கொடி சட்டத்திலிருந்து முன்னமே நீங்கியதாயினும், மக்கள் மனத்தில் அது அடக்குமுறையின் அடையாளமாகவே நின்றது. மழையும் சேறும் நிறைந்த அந்நாளில் முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டன என்றும், ஏறத்தாழப் பாதியே பிரைட்டனை அடைந்தன என்றும் கூறுவர். அவ்வாறு அடைந்தவற்றுள்ளும் ஒன்று உண்மையிலே றெயிலில் ஏற்றிச் செல்லப்பட்டு, வழிப்பயணம் செய்ததுபோலத் தோன்றும்படி சேறு பூசப்பட்டது என்றொரு கதையும் வழங்குகின்றது.

அந்நிகழ்ச்சியின் நினைவாக 1927ஆம் ஆண்டிலே மீண்டும் ஒரு பயணம் நடத்தப்பட்டது. அன்றுதொட்டு அது ஆண்டு விழாவாயிற்று. 1930ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவின் ரோயல் ஓட்டமொபீல் கழகம் அதனைப் பொறுப்பேற்று நடத்திவருகின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், பெற்றோல் பங்கீட்டின் காரணமாக 1947ஆம் ஆண்டிலும், பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டிலுமே அது தடைப்பட்டது. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜெனிவீவ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இப்பயணத்தையே கதைக்களமாகக் கொண்டது. 1904ஆம் ஆண்டைச் சேர்ந்த டராக் வண்டி ஒன்றே அப்படத்தின் உண்மையான கதாநாயகி எனலாம். அப்படம் உலகெங்கும் பழைய வண்டிகளின்மீது ஆர்வத்தைத் தூண்டிற்று.

ஒன்றை இங்கே தெளிவாகக் கூறவேண்டும். இது பந்தயமன்று. முதலில் வந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. சராசரி வேகம் மணிக்கு 20 மைலை விஞ்சலாகாது என்பது விதி. மாலை 4.30 மணிக்கு முன்னர் பிரைட்டனை அடையும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம் உண்டு. முதலாவதாக வந்தவருக்கும் இறுதியாக வந்தவருக்கும் ஒரே பதக்கம். வேகத்தை விடுத்து, சென்றடைதலையே மதிப்பிடும் போட்டி இது. ஆதலினாலேதான் ஓட்டுந் திறமையினும் திட்டமிடும் திறமை இங்கே மேலோங்கி நிற்கின்றது.

திட்டமின்றிப் புறப்பட்டும் வெற்றி கண்ட பயணம் ஒன்று மோட்டார் வரலாற்றில் உண்டு. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மோட்டார் வண்டியை ஆக்கிய கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவியாராகிய பேர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் அறியாவண்ணம், தம் புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு, ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு மோட்டார் வண்டியிலே புறப்பட்டார். 100 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் அது. எரிபொருள் நிலையம் என ஒன்று உலகில் இல்லாத காலம் ஆகையால், வீஸ்லொக் என்னும் ஊரிலே மருந்துக்கடை ஒன்றில் எரிதிரவத்தை விலைக்கு வாங்கினார். எரிபொருட் குழாய் அடைபட்டபோது தொப்பியிற் செருகும் ஊசியால் அதனைத் துப்புரவாக்கினார். பிறேக்குக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சென்று தோல் தைப்பித்தார். ஏற்றம் வந்தபோது மைந்தர் இறங்கித் தள்ளினர். அம்மையாருக்குத் துணைநின்றது அவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் அவர் அறிந்திருந்த அறிவே. வண்டியை அறிந்தவருக்கு வழியிலே கிடைக்கும் எப்பொருளும் கருவியாகும் என்பதே, நெடும்பயணம் புறப்படுவோர்க்கு அவர் விட்டுச்சென்ற முதற் பாடம்.

பிரைட்டன் பயணத்துக்குரிய ஆயத்தமும் இந்த அறிவிலிருந்தே தொடங்குகின்றது. வண்டி எந்த ஆண்டில் ஆக்கப்பட்டது என்பதை முதலிலே நிறுவவேண்டும். உடையவருடைய சொல் மட்டும் போதாது. யந்திரத்திற் பொறித்த இலக்கம், சட்டகத்தின் அமைப்பு, ஆக்கிய தொழிற்சாலையின் பழைய பதிவுகள் ஆகியன ஆராயப்படும். 1904ஆம் ஆண்டு இறுதிக்கு முன்னர் ஆக்கப்பட்டதென்று நிறுவப்பட்டால் அது 'வெற்றரன்' என்னும் வகுப்பைச் சேரும். ஓர் ஆண்டு பிந்தியதெனின், அது எவ்வளவு அழகியதாயினும் வேலிக்கு வெளியே நிற்கவேண்டியதே. பல நாடுகளிலிருந்தும் வருவோர் தம் வண்டிகளைக் கப்பலேற்ற வேண்டியிருத்தலின், ஆவணங்கள், காப்புறுதி, சுங்கத் தாள்கள் என்பவற்றைப் பல மாதங்களுக்கு முன்னரே ஒழுங்கு செய்துகொள்வர்.

அடுத்தது யந்திரம். இக்காலத்து வண்டியைப் பழகியவர்கள் இவற்றுள் ஒன்றில் ஏறி அமர்ந்தால் திகைத்துப்போவர். டி டியோன் பூட்டோன், ஓல்ட்ஸ்மொபீல் முதலிய பல வண்டிகளுக்கு ஒரே உருளை. சிலவற்றில் வட்டச் சில்லு போன்ற சுக்கானுக்குப் பதிலாகத் தோணியின் சுக்கான்பிடி போன்ற ஒரு கோலே உண்டு. யந்திரத்துக்குரிய எண்ணெய் துளித்துளியாகச் சொட்டும்படி கண்ணாடிக் குப்பிகள் பொருத்தப்பட்டிருக்கும்; எத்தனை துளி விழுகின்றது என்பதை ஓட்டுபவர் கண்ணாலே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தீப்பொறி எப்பொழுது எழவேண்டும் என்பதையும் கையாலேயே ஒரு நெம்பினைத் தள்ளி அமைக்கவேண்டும். யந்திரத்தை உயிர்ப்பிக்கக் கைப்பிடியைச் சுழற்றும்போது தீப்பொறி முந்திவிட்டால், கைப்பிடி எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். ஆதலின் பெருவிரலைக் கைப்பிடியின் மறுபுறம் வளைத்துப் பிடியாமல், மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துச் சுழற்றுதல் வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. நீராவியால் இயங்கும் வண்டிகளும் இவ்வணியில் உள. அவற்றை ஓட்டுவோர் எரிபொருளைவிட நீரைப் பற்றியே அதிகம் எண்ணுவர். எந்த எந்த ஊரிலே தண்ணீர் நிரப்பலாம் என்பதை முன்னரே குறித்து வைத்திருப்பர்.

இவை எல்லாவற்றினும் கவனிக்க வேண்டியது பிறேக்கு. அக்காலத்து வண்டிகளில் முன்சில்லுகளுக்குப் பிறேக்கு இல்லை. பின்சில்லுகளையும், யந்திரத்திலிருந்து செல்லும் தண்டையும் பற்றிப்பிடிக்கும் தோல் அல்லது உலோகப் பட்டிகளே தடுப்பாகப் பயன்பட்டன. மழை பெய்தால் அவையும் வழுக்கும். மலையேறும்போது வலுக்குறைந்து வண்டி பின்னோக்கி உருளுமாயின், அதனைத் தடுப்பதற்காக வண்டியின் அடியிலே கூரிய இரும்புக் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பதும் உண்டு. அது நிலத்திற் குத்தி வண்டியை நிறுத்தும். இலண்டனுக்கும் கடலுக்கும் இடையில் வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு சுண்ணக்குன்றுத் தொடர்கள் குறுக்கிடுகின்றன. இறுதிக் கட்டத்திலே, யந்திரமும் மனிதரும் களைத்திருக்கும் வேளையிலே, கிளேற்றன் குன்று எதிர்ப்படும். அதனை நினைந்து ஓராண்டாகக் கவலைப்படுவோரும் உளர். வண்டி இழுக்கமாட்டாத இடத்திலே உடன் செல்வோர் இறங்கித் தள்ளுதலே அங்கே வழக்கம்.

எரிபொருளைப் பற்றியும் முன்கூட்டியே சிந்திக்கவேண்டியுள்ளது. பிரித்தானியாவிலே 2021ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் சாதாரண பெற்றோலில் நூற்றுக்குப் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுகின்றது. எதனோல் நீரை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. பழைய வண்டிகளின் இறப்பர், தக்கை, ஒட்டுப் பசை ஆகியவற்றை அரிக்கவும் வல்லது. ஆகவே பழைய வண்டி உடையோர், ஐந்து வீதத்துக்கு மேற்படாத கலப்புடைய உயர்தரப் பெற்றோல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைக்கின்றனர். பேர்த்தா அம்மையார் மருந்துக்கடையைத் தேடினார். அவர் வழிவந்தோர் இன்றும் தமக்கு ஏற்ற எரிபொருளைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றனர்.

சட்டத்தின் நிலை இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிரித்தானியாவிலே மோட்டார் வண்டிகள் ஆண்டுதோறும் வீதிக்கு ஏற்றனவா என்று சோதிக்கப்படுதல் வேண்டும். ஆனால், 40 ஆண்டுகளுக்கு மேற்பட்டனவாயும், பெரிதும் மாற்றியமைக்கப்படாதனவாயும் உள்ள வண்டிகளுக்கு 2018ஆம் ஆண்டு முதல் இந்தச் சோதனை கட்டாயமில்லை. இக்காலத்துக் கருவிகள் அக்காலத்து யந்திரங்களை அளக்க ஏற்றனவல்ல என்பதும், உடையவர்கள் அவற்றைக் கண்ணெனப் பேணுகின்றனர் என்பதும் இச்சலுகைக்குக் கூறப்படும் நியாயங்கள். சோதிக்கும் அதிகாரி விலகி நிற்கும் இடத்திலே, சோதிக்கும் பொறுப்பு முழுவதும் உடையவர் தலைமேல் வந்து விழுகின்றது. ஏமாற்றினால் தம்மைத் தாமே ஏமாற்றியவராவர். ஆதலின் நல்லவர்கள் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னரே சில்லுகளின் மர ஆரைகள், சங்கிலிகள், தோற்பட்டிகள், சுக்கான் மூட்டுகள் ஆகிய ஒவ்வொன்றையும் தட்டியும் அசைத்தும் பார்க்கின்றனர். பின்னர் தாம் பாராத குற்றத்தைப் பிறர் காணட்டும் என்று வேறொருவரையும் அழைத்துக் காட்டுகின்றனர்.

இனி நேரக் கணக்கு. நவம்பர் தொடக்கத்திலே இலண்டனில் ஏறத்தாழக் காலை 7 மணிக்குச் சூரியன் உதிக்கும், மாலை 4.30 மணிக்கு முன்னரே மறைந்துவிடும். பழைய வண்டிகளின் விளக்குகள் எண்ணெயாலோ அசெற்றிலீன் வாயுவாலோ எரிவன. அவற்றை நம்பி இக்காலத்து வீதியிலே இரவில் செல்லுதல் இயலாது. ஆகவே ஒன்பதரை மணி நேரப் பகற்பொழுதே இவர்களுடைய முழு முதலும். வண்டி சராசரியாக மணிக்கு 10 மைல் ஓடுமெனில், 60 மைலுக்கு ஆறு மணி நேரம் வேண்டும். மிஞ்சுவது மூன்றரை மணி. அந்த மூன்றரை மணியுள்ளேதான் ரயர் மாற்றுதல், யந்திரத்தை ஆறவிடுதல், தண்ணீர் நிரப்புதல், தேநீர் அருந்துதல் யாவும் அடங்கவேண்டும். பிந்திப் புறப்படுவோருக்கு இதனினும் குறைவு. வண்டிகள் வயது முறையிலே அனுப்பப்படுகின்றன. மிக மூத்தது முதலில் செல்லும். வேகங் குறைந்தவர்களுக்குக் கூடுதல் நேரம் அளிக்கும் இம்முறை, வயதுக்குரிய மரியாதையாகவும் அமைகின்றது. முன்னரே குரொய்டனுக்கு இத்தனை மணி, றெட்ஹிலுக்கு இத்தனை மணி, பாதி வழியிலுள்ள குறோலிக்கு இத்தனை மணி, பின்னர் கக்பீல்டு, பேர்ஜஸ் ஹில் என்று ஒரு தாளிலே எழுதி, ஓட்டுபவர் பக்கத்தில் அமர்ந்தவர் மடியிலே வைத்திருப்பர். அந்தத் தாளிலே ஒழிவு நேரத்தை எழுதாது விட்டவர், பெரும்பாலும் வழியிலே நிற்பவராக முடிகின்றார்.

வழியை அறிதல் இதனினும் முதன்மையானது. நேயர்களே, ஒரு துயரச் செய்தியை இவ்விடத்திற் கூறாது விடலாகாது. 2019ஆம் ஆண்டுப் பயணத்தின்போது, பங்குபற்றிய பழைய வண்டி ஒன்று குறித்த பாதையினின்றும் தவறி, விரைவு வண்டிகள் செல்லும் எம் 23 என்னும் நெடுஞ்சாலையுள் புகுந்தது. அங்கே லொறி ஒன்றுடன் மோதுண்டு, அதனை ஓட்டிய முதியவர் உயிர் நீத்தார். ஒரு வளைவிலே நேர்ந்த சிறு தவறு அது. மணிக்கு 20 மைல் செல்லும் வண்டியும் 60 மைல் செல்லும் வண்டியும் ஒரே வீதியிலே சந்திக்கும்போது, இரண்டு நூற்றாண்டுகள் சந்திக்கின்றன. பழைய நூற்றாண்டுக்குக் கவசம் இல்லை. ஆகவே அறிவுடையோர் பயணத்துக்கு முந்திய நாட்களிலே, இக்காலத்து வண்டி ஒன்றில் அவ்வழியே சென்று, திரும்ப வேண்டிய இடங்களையும் திரும்பக்கூடாத இடங்களையும் குறித்துக்கொள்கின்றனர். தேசப்படம் மட்டும் போதாது. சந்தியிலே நெருக்கடி மிகுந்து, யந்திரம் இருமிக்கொண்டு, மழைத்துளி கண்ணிலே அடிக்கும் வேளையில், தாளைப் பார்க்க நேரம் இராது. வழி மனத்திலே பதிந்திருத்தல் வேண்டும்.

உடன் செல்வோரைத் தெரிதலும் திட்டத்தில் அடங்கும். திரும்பும் திசையைக் காட்டும் விளக்குகள் இவ்வண்டிகளில் இல்லை. கையை நீட்டிக் குறிகாட்டுதலும், பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்துக் கூறுதலும், வழித்தாளைப் படித்தலும் உடன் இருப்பவர் கடமைகள். பெரும்பாலான வண்டிகளுக்குக் கூரை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. கம்பளி உடை, மழை அங்கி, காதை மூடும் தொப்பி, கண்ணாடிக் கவசம், தேநீர்க் குடுவை ஆகியன ஒருபுறம். தீப்பொறிச் செருகிகள், வால்வுகள், சங்கிலிக் கண்ணிகள், தோற்பட்டி, செப்புக்கம்பி, எண்ணெய்க் குப்பி, தண்ணீர்ப் பாத்திரம், ரயர் நெம்புகோல் ஆகியன மறுபுறம். இவை யாவற்றையும் இருவர் அமரும் சிற்றிடத்திலே அடக்குவதும் ஒரு கலை. எல்லாவற்றையும் ஏற்றினால் வண்டி குன்றேறாது. எதனையும் ஏற்றாவிட்டால் குன்றடியிலேயே நின்றுவிடும். எதனை விட்டுச் செல்லலாம் என்று தீர்மானிப்பதிலேதான் பழகியவரும் புதியவரும் வேறுபடுகின்றனர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இவ்வளவு இடருக்கு உள்ளாக்கி இவ்வண்டிகளை வீதியிலே ஓட்டவேண்டுமா? நூதனசாலையிலே கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக வைத்தல் ஆகாதா? ஒரு முறை உடைந்த உறுப்பு மீண்டும் கிடையாது. ஆக்கிய தொழிற்சாலைகள் பல மறைந்துவிட்டன. இந்த வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. உலகில் இனி ஆக்கப்படமாட்டாத பொருள் ஒன்றைச் சேற்றிலும் மழையிலும் செலுத்துதல் பொறுப்பற்ற செயலென்று நினைப்போர் பலர்.

மறுபக்கத்தாரின் கூற்று வருமாறு. யந்திரம் என்பது இரும்பும் மரமும் மட்டுமன்று. அதனை இயக்கும் முறையும் அதன் ஒரு பகுதியே. எண்ணெய் எத்தனை துளி விழவேண்டும், குன்றேறும்போது தீப்பொறியை எவ்வளவு பின்தள்ள வேண்டும், ஒலி மாறும்போது எந்த உறுப்பைப் பார்க்கவேண்டும் என்பன ஏட்டிலே முழுவதும் எழுதப்பட்டவை அல்ல. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வருவன. வண்டி ஓடாது நின்ற அன்றே அந்த அறிவும் நின்றுவிடும். பழைய வண்டிக் கழகங்களின் அனைத்துலகச் சம்மேளனம் 2012ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், இவ்வண்டிகளைப் பொதுவீதியில் ஓட்டுதலும் அவற்றைப் பேணுதலின் ஒரு பகுதியே என்று கருதுகின்றது. அதே வேளை, அவற்றின் தொன்மையை அழிக்கும் தேவையற்ற மாற்றங்களைத் தவிர்க்குமாறும் வற்புறுத்துகின்றது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் பொறியியல் மாணாக்கர், 'போவனர்ஜிஸ்' என்று பெயரிட்ட 1902ஆம் ஆண்டு ஜேம்ஸ் அன்ட் பிரவுன் வண்டி ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்துப் பிரைட்டன் பயணத்தில் ஈடுபடுத்தி வருகின்றனர். மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு மாணாக்கர் கூட்டம் கல்லூரியை விட்டுச் செல்ல, மற்றொரு கூட்டம் வருகின்றது. வண்டி அங்கேயே இருக்கின்றது. செல்பவர் வருபவருக்குக் கற்பிக்காவிடின் அடுத்த நவம்பரில் அது அசையாது. கல்வி கைமாறுவதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

இந்த வினாவுக்கு இலங்கையும் தன் அனுபவத்தால் விடை பகரவல்லது. 1948ஆம் ஆண்டிலே அறிமுகமாகிப் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானிய வண்டியாகிய மொறிஸ் மைனரும், அதன் காலத்தவையாகிய ஒஸ்ரின் வண்டிகளும் இந்நாட்டு வீதிகளில் நெடுங்காலம் உழைத்தன. அவை விழாவுக்காகப் பேணப்பட்டவை அல்ல. வேறு வழியின்மையாலே பேணப்பட்டவை. 1990களிலே போரின் காரணமாக யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலால் யந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலே அவ்வண்டிகளை ஓட்டினர். நோயாளரை வைத்தியசாலைக்கும், மணமக்களைக் கோயிலுக்கும் அவை கொண்டு சென்றன. உதிரி உறுப்புகள் கிடையாத காலத்திலே, கராஜ்களில் இருந்தோர் அவற்றைத் தம் கையாலேயே செய்தும் திருத்தியும் பொருத்தினர். அதே பத்தாண்டின் தொடக்கத்தில், மொறிஸ் மைனருக்குரிய தகட்டு உறுப்புகள் இலங்கையிலே ஆக்கப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன என்பதும் குறிப்பிடத்தக்கது. பிறந்த நாட்டிலே அருகிய கைத்தொழில், பயன்பாடு நின்றுபோகாத நாட்டிலே உயிரோடு இருந்தது. பயன்படுத்திய கைகளே பாதுகாத்தன.

பிரைட்டன் பயணத்தில் ஒவ்வோர் ஆண்டும் சில வண்டிகள் வழியிலே நின்றுவிடுகின்றன. அவற்றின் அருகே வந்து நிற்போர் பெரும்பாலும் அவ்வழியாற் செல்லும் மற்றைப் போட்டியாளரே. தம் கையிலுள்ள கம்பியையோ தோற்பட்டியையோ கொடுத்துதவித் தம் நேரத்தில் ஒரு பகுதியை இழந்து செல்வர். திருத்த முடியாதவற்றை மீட்பு வண்டிகள் ஏற்றிச் செல்லும். அவ்வாறு ஏற்றப்பட்ட வண்டியின் உடையவர் சிறிது நேரம் வாடியிருப்பார். பின்னர் நின்ற காரணத்தை ஆராய்வார். அடுத்த ஆண்டுக்குரிய தாளிலே முதல் வரியாக அதனை எழுதுவார்.

ஏனையோர் கிளேற்றன் குன்றைக் கடந்து இறங்கும்போது, தூரத்திலே கடல் தென்படும். பிரைட்டனின் கடற்கரை வீதியிலே மக்கள் கூடி நின்று கைதட்டுவர். முகமெல்லாம் எண்ணெயும் மழைநீருமாக வந்து சேர்பவர், பதக்கத்தைப் பெற்றுக்கொண்டபின் முதலிற் செய்யும் காரியம் யாதெனின், வண்டியைச் சுற்றிவந்து, பயணத்தில் எது தளர்ந்தது, எது தேய்ந்தது, எது தப்பியது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதே. அன்று மாலையே அடுத்த ஆண்டின் ஆயத்தம் தொடங்கிவிடுகின்றது. முன்னோர் ஆக்கிய ஒன்றை அடுத்தவர் கையில் குறைவின்றி ஒப்படைக்க விரும்பும் எவருக்கும், அது வண்டியாயினும் ஏடாயினும் ஒரு சிறு பாடசாலையாயினும், வேலை இவ்வாறே அமைகின்றது.